சபலமா, சாபமா, நோயா?

(நமது கிடர்பூர் நிருபர்)

கிடர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் மெஸ் இருக்கிறது. மொத்தம் பதினொரு பேர். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் சிலர். கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் என்னைப் போல் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் சிலர். மற்றவர்கள் தனியார் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்துப் போட்டு ஒரு பழைய தமிழ்ப் படம் பார்ப்பது எங்கள் வழக்கம். எந்தப் படம் என்பதை மெஸ்ஸில் மூத்தவரான அண்ணாச்சிதான் முடிவு செய்வார். திருநெல்வேலிச் சீமைக்காரர். துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கூப்பிட்டும் ஊருக்குப் போக மனமில்லாமல் இங்கேயே இருப்பவர். ஒரு ஞாயிறன்று அவர் தேர்ந்தெடுத்த படம் ‘மன்மத லீலை’. 2022-ல் அசோக் செல்வன் நடித்து இதே பெயரில் வந்த படம் அல்ல. 1976-ல் கே.பாலசந்தர் டைரக்ட் செய்து கமல்ஹாசன் நடித்த பழைய படம்.

படம் ஓடும்போது கூடத்தில் ஒரே சிரிப்பு. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கலியாணமாகி இரண்டு வருடம். மனைவி ஊரில் இருக்கிறார். அவர் பாதிப் படத்திலேயே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். தலைவலியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஒரு டம்ளர் டீயோடு நானும் ஏறிப் போனேன்.

"ஏன் தம்பி, படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "படத்துல அவன் செய்யறதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க அண்ணே. நான் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். எனக்குச் சிரிப்பு வரலையே."

அன்று இரவு அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய அனுமதியோடு, ஊர் பேர் இல்லாமல், தேவையான மட்டும் எழுதுகிறேன். நம்மில் பலர் வாய் திறந்து பேசாத விஷயம் இது. பேசாததாலேயே சில குடும்பங்கள் கெட்டுப் போகின்றன.

கண் போன இடமெல்லாம்

முதலில் படத்தைப் பற்றி. ‘மன்மத லீலை’ வெளிவந்தபோது கமல்ஹாசனுக்கு வயது 21. படத்தில் அவர் பெயர் மது. நல்ல வேலை, வசதியான வீடு, அன்பான மனைவி எல்லாம் உண்டு. மனைவியாக ஆலம் நடித்திருந்தார். ஆனால் எதிரே எந்தப் பெண் வந்தாலும் மதுவின் கண் அங்கே போய்விடும். கண் போன இடத்துக்குக் காலும் போய்விடும். முகம் தெரியாத பெண்ணின் குரல் டெலிபோனில் தவறுதலாக வந்து விழுந்தால் அதற்கும் ஒரு டூயட். ஜேசுதாசும் எல்.ஆர்.ஈஸ்வரியும் பாடிய அந்த ‘ராங் நம்பர்’ பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் பாட்டு, ஜெயப்பிரதா தமிழுக்கு அறிமுகம் என்று பல சிறப்புகள் உள்ள படம்.

தமிழ்ப் படத்தில் கதாநாயகன் என்றால் பெண்களைக் காப்பாற்றுகிறவன் என்றிருந்த காலம். பெண்ணைக் கண்டால் நிலை தடுமாறுகிறவனைக் கதாநாயகனாகவே வைத்துப் படம் எடுத்தது அன்று பெரிய துணிச்சல். இவனைக் கெடுத்தது இன்ன தாசி என்றோ இன்ன நண்பன் என்றோ பாலசந்தர் யார் மேலும் பழி போடவில்லை. கோளாறு அவன் கண்ணிலேயே இருக்கிறது என்று காட்டினார். உண்மை தெரிந்ததும் மனைவி அவனை விட்டு விலகிப் போகிறாள். அப்போதுதான் தான் இழந்தது என்ன என்று அவனுக்கு உறைக்கிறது.

இவ்வளவும் இருந்தும் நாங்கள் அந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம். படம் எங்களைச் சிரிக்க வைப்பதற்காகவே எடுக்கப்பட்டதும்கூட. மது ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறானா, தப்பித்துக்கொள்கிறானா என்பதுதான் சுவாரஸ்யம். இரவில் அவன் தூங்கினானா, "இனிமேல் மாட்டேன்" என்று எத்தனை தடவை சத்தியம் செய்து எத்தனை தடவை மீறினான் என்பதெல்லாம் அதில் பெரிய விஷயமாக வருவதில்லை.

மாடியில் உட்கார்ந்திருந்த தம்பியின் கதை முழுக்க அந்த விஷயம்தான். ராங் நம்பர் இருந்த இடத்தில் இன்று செல்போன். விடிய விடியப் பார்ப்பது, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது, பணம் கட்டுவது. சம்பள நாளன்று மாலை கால் தானாக முன்ஷிகஞ்ச் பக்கம் திரும்பிவிடும். கிடர்பூர்வாசிகளுக்கு அது எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் குளித்துவிட்டு, முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வாராம். அந்தச் சத்தியம் நான்கு நாள் நிற்கும், சில தடவை பத்து நாள் நிற்கும். மனைவிக்கு அனுப்ப வேண்டிய பணத்தை இரண்டு மாதம் அனுப்பவில்லை. "கம்பெனியில் சம்பளம் தள்ளிப் போகிறது" என்று பொய் சொல்லியிருக்கிறார்.

"சந்தோஷமா இருக்கான்னு கேட்டா அதுவும் இல்லை அண்ணே. போகும்போது ஒரு வெறி, வரும்போது செத்துடலாம் போல இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டு நான் கீழே இறங்கவில்லை.

மூன்று தீபாவளி கண்ட படம்

‘மன்மத லீலை’ என்ற பெயரே ஒரு பழைய பாட்டின் தொடக்கம். 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடிய பாட்டு. எழுதியவர் பாபநாசம் சிவன். மன்மதனின் விளையாட்டை வென்றவர் உலகில் உண்டா என்று கேட்கிற பாட்டு. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் சிறையில் இருந்த நாட்களிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஹரிதாஸும் ஸ்திரீலோலன்தான். டி.ஆர்.ராஜகுமாரி நடித்த ரம்பா என்ற தாசியிடம் மயங்கிப் பெற்றோரை வீட்டை விட்டுத் துரத்துகிறான். சொத்தை இழக்கிறான், கால்களை இழக்கிறான். பிறகு பெற்றோரே தெய்வம் என்று உணர்ந்து பக்தனாகிறான். காமத்தில் விழுந்தவனுக்குத் தண்டனை உண்டு, பக்தியால் மீட்சியும் உண்டு என்பது கதை. அருணகிரிநாதர் வரலாறாக மக்கள் சொல்லி வருவதும் இதே வழியில் செல்வதுதான். பெண்ணாசையில் உழன்று, வெறுத்துப் போய்த் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது கதை. 1964-ல் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரியாக நடித்து அதுவும் படமாக வந்தது.

பத்து வருடம் கழித்து, 1954-ல், ‘ரத்தக்கண்ணீர்’ வந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதி, எம்.ஆர்.ராதா மேடையில் நடித்துப் புகழ் பெற்ற நாடகத்தைக் கிருஷ்ணன்-பஞ்சு படமாக்கினார்கள். வெளிநாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம், காந்தா என்ற தாசியே கதியென்று கிடக்கிறான். தாயையும் மனைவியையும் உதாசீனம் செய்கிறான். கடைசியில் அவனுக்குக் குஷ்டம் வருகிறது. காந்தா வெளியே தள்ளுகிறாள். பகுத்தறிவுக்காரர்கள் எடுத்த படம் என்பதால் இதில் சாமி வந்து காப்பாற்றவில்லை. தன் மனைவியை நண்பனுக்கே மறுமணம் செய்து வைக்கிறான் மோகனசுந்தரம். பாதிக்கப்பட்ட மனைவிக்கு இன்னொரு வாழ்வு உண்டு என்று 1954-லேயே சொன்ன படம் அது. இன்றும் அதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் பக்திப் படமானாலும் பகுத்தறிவுப் படமானாலும் இரண்டு விஷயங்களில் மாற்றமில்லை. ஆணைக் கெடுப்பவள் ஒரு தாசி. ஆணுக்கு வரும் கேடு உடம்பில் தெரியும் தண்டனை. ஒன்றில் கால் போகிறது, மற்றொன்றில் குஷ்டம் வருகிறது.

நோயாளி என்ன பாவம் செய்தான்?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தொழுநோய் காமத்தால் வருவதல்ல. அது ஒரு கிருமியால் வருகிறது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ‘ரத்தக்கண்ணீர்’ வருவதற்கு 81 வருடங்களுக்கு முன்பு! 1980-களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை வந்துவிட்டது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும். அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம்.

அப்படியிருந்தும் குஷ்டம் என்றால் ஒழுக்கக் கேட்டின் சம்பளம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. சினிமா அதற்கு உரம் போட்டது. சியால்டாவிலிருந்து லோக்கல் ரயிலில் போகும் தூரத்தில் டிட்டாகர் இருக்கிறது. அன்னை தெரசாவின் சபைச் சகோதரர்கள் அங்கே நடத்தும் தொழுநோயாளர் இல்லத்தில் நெசவு முதலிய வேலைகள் நடப்பதைப் பலர் அறிவார்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்து அங்கே போனவர்கள் அல்ல. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியைப் பார்லிமெண்ட் 2019-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கியது.

தண்டனைக் கதைகளுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. தண்டனை வராதவன் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தைரியமாக இருந்துவிடுகிறான். உடம்பில் புண் இல்லை, கால் போகவில்லை. ஆகவே தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறான். மாடியில் இருந்த தம்பி பார்ப்பதற்கு நல்ல திடகாத்திரமான ஆள். அலுவலகத்திலும் நல்ல பெயர். அவருடைய கஷ்டம் வெளியே தெரியவே தெரியாது.

விலை கொடுத்தவர்கள் யார்?

சினிமாவில் காந்தாவும் ரம்பாவும் ஆண்களைக் கெடுக்கவே பிறந்தவர்கள் போல வருகிறார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்தப் படங்கள் கேட்கவில்லை. கேட்டவர் அதே பாலசந்தர்தான். ‘மன்மத லீலை’க்கு மூன்று வருடம் முன்பு, 1973-ல், ‘அரங்கேற்றம்’ எடுத்தார். ஏழைப் புரோகிதர் வீட்டு மூத்த பெண் லலிதா, நடித்தவர் பிரமிளா. நிறையத் தம்பி தங்கைகள், வீட்டில் பட்டினி. வேலை தேடிப் போனவள் வஞ்சிக்கப்பட்டு, குடும்பத்தைக் காப்பாற்ற உடம்பை விற்கிறாள். அவள் பணத்தில் படித்து முன்னுக்கு வந்த குடும்பமே கடைசியில் அவளை ஒதுக்குகிறது. அவள் புத்தி பேதலித்துப் போகிறாள்.

இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். ஒரு படத்தில் ஆணின் சபலம் வேடிக்கை. மற்றொன்றில் அதே சபலத்துக்குக் கைமாறும் பணம் ஒரு வீட்டின் அரிசி. சம்பள நாளில் முன்ஷிகஞ்ச் போகிறவன் லலிதாவைத்தான் பார்க்கப் போகிறான். அவனுக்கு அது தெரிவதில்லை.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த ஆறு பெண்களின் ரத்தத்தில் அது இருந்தது. நாடெங்கும் அந்தப் பெண்களைத் திட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தவர்கள் ஆண்களே. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிமார் பலருக்கும் அது வந்து சேர்ந்தது பின்னால் தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் வேலைக்காக வெளியூர் போய் வந்த கணவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இதில் கல்கத்தா நாட்டுக்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது. 1992-ல் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டத்தில், அந்தப் பெண்களையே ஊழியர்களாக்கி, ஆணுறை இல்லாமல் சம்மதிக்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அதிலிருந்து 1995-ல் ‘துர்பார்’ என்ற அவர்களுடைய சொந்தச் சங்கமே பிறந்தது. டாக்டர் ஜானா 2021-ல் கொரோனாவில் காலமானார். யாரைச் சமூகம் நோயின் காரணம் என்று சொன்னதோ, அவர்களே நோயைத் தடுக்கும் காவலர்கள் ஆனார்கள்.

நியூயார்க் ரயிலில் ஒருவன்

மாடியில் தம்பி பேசப் பேச எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. 2011-ல் வெளிவந்த ‘ஷேம்’. வெட்கம், அவமானம் என்று பொருள். ஸ்டீவ் மெக்குவீன் என்ற பிரிட்டிஷ் டைரக்டர் எடுத்தது. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்திருந்தார். அதற்காக வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம் அல்ல. வயது வந்தவர்களுக்கான படம். அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அது சொல்லும் விஷயம் முக்கியமானது.

நாயகன் பிராண்டன் நியூயார்க்கில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். தனியாள். அவனுக்குத் தாசியும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும், தெருவில் கண்ட பெண்ணும் வேண்டும். ஆனால் படம் முழுவதிலும் அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. உண்மையாகப் பிரியம் வைக்கும் ஒரு பெண் அருகில் வந்தால் அவனால் ஒட்ட முடியவில்லை. வீட்டில் தங்க வந்த தங்கையிடம் எரிந்து விழுகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும்போதுதான் அவன் நொறுங்கி அழுகிறான்.

படம் சுரங்க ரயிலில் தொடங்குகிறது. எதிர் சீட்டில் மோதிரம் அணிந்த ஒரு பெண். அவன் அவளையே பார்க்கிறான். முடிவும் அதே ரயிலில்தான். அதே பெண் எதிரே இருக்கிறாள். இந்தத் தடவை அவன் பின்னால் போனானா, உட்கார்ந்தே இருந்தானா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. இங்கே தண்டனையும் இல்லை, சாமியும் இல்லை, சிரிப்பும் இல்லை. மறுபடியும் ஒரு நாள், மறுபடியும் ஒரு சோதனை, அவ்வளவுதான்.

கதையை நான் சொல்லச் சொல்லத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடிச்சான். இந்த வெள்ளைக்காரனை யாரு பிடிச்சாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்கு லீவு போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

டாக்டர்கள் சொல்வது

ஆசைப்படுவது நோயா? இல்லவே இல்லை. வள்ளுவர் 133 அதிகாரத்தில் 25 அதிகாரத்தைக் காமத்துக்கென்றே ஒதுக்கினார். அதே குறளில் பிறன் மனை நோக்காமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஆசையும் அதற்கு ஒரு வரம்பும் சேர்ந்ததுதான் மனித இயற்கை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஊரை விட்டு வந்து வருடத்தில் இருபது நாள் மட்டும் மனைவியோடு வாழும் ஒருவனுக்குச் சபலமே வராது என்று சொன்னால் அது பொய். எனக்கும் வந்ததுண்டு.

மன ஆராய்ச்சியில் கல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை 1922-ல் இங்கே தொடங்கியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். வியன்னாவிலிருந்த ஃபிராய்டோடு பல வருடம் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். மனதில் ஓர் ஆசை எழும்போதே அதற்கு எதிரான ஆசையும் கூடவே இருக்கிறது என்பது போஸ் சொன்ன கருத்து. முன்ஷிகஞ்சுக்குப் போகும் காலும் சூடம் ஏற்றும் கையும் ஒரே மனிதனுடையவை என்பதை இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது?

‘செக்ஸ் அடிமைத்தனம்’ என்ற பேச்சு 1980-களில் அமெரிக்காவில் பரவியது. அது உண்மையில் நோய்தானா என்று டாக்டர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் ‘கட்டுக்கடங்காத பாலுறவு நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. குடி, சூதாட்டம் போன்ற அடிமைப் பழக்கங்களோடு அதை வைக்கவில்லை. மன உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

அடையாளங்கள் இவை: வாழ்க்கையே அதைச் சுற்றிச் சுழல்வது, உடம்பு, வேலை, குடும்பப் பொறுப்பு எல்லாம் பின்னுக்குப் போவது, விட்டுவிட வேண்டும் என்று பல தடவை முயன்றும் முடியாமல் போவது, கெடுதல் வந்த பின்னும், இன்பமே இல்லாத போதும், தொடர்வது. இது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வாழ்க்கையைப் பாதித்தால்தான் நோய் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள். ‘இது பாவம்’ என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. ஆகவே, எப்போதாவது சபலப்பட்டு வருந்துகிறவர்கள் எல்லாம் நோயாளிகள் அல்ல.

நோய் என்ற வார்த்தையை மன்னிப்புச் சீட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பஸ்ஸில் இடிப்பதும், சம்மதமில்லாத பெண்ணைத் தொடுவதும் குற்றம். அதற்குப் போலீசும் கோர்ட்டும் இருக்கின்றன. மனைவிக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு "என்னால் அடக்க முடியவில்லை" என்று சொல்வதை எந்த டாக்டரும் நியாயம் என்று எழுதித் தர மாட்டார்.

சீட்டு எழுதும் வரிசை

மறுநாள் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வரிசையில் நின்றோம். முதலில் ரத்தப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆலோசனை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் வருடச் சட்டமே சொல்கிறது. முடிவு வரும்வரை தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளையாகத் தொற்று இல்லை. சில வாரம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை வேண்டும் என்றார்கள். அதிலும் இல்லை.

பிறகு மனநலப் பிரிவு. டாக்டர் பெங்காலி; தம்பிக்கு அரைகுறை இந்தி. நான் நடுவில் மொழிபெயர்த்தேன். டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எப்போது தோன்றுகிறது, தோன்றுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஊரிலிருந்து பணப் பிரச்சினையாகப் போன் வந்த இரவுகளிலும், ஆபீசில் ஏச்சு வாங்கிய நாட்களிலும், மெஸ்ஸில் யாரும் இல்லாத விடுமுறைகளிலும்தான் அந்த வெறி அதிகம். பசியை விடத் தனிமையே அதிகம் துரத்தியிருக்கிறது.

நேரில் போக முடியாதவர்கள், வெட்கப்படுகிறவர்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். வேண்டிய மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம், தமிழும் உண்டு. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று தயங்கினோம். கடைசியில் தம்பியே சொன்னார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "எங்க காலத்துல எத்தனை பேரு இதுல போனான் தெரியுமாவே? ஊருக்குப் பணம் வரலைன்னதும் பொண்டாட்டி கடுதாசி போடுவா. அவன் லாட்ஜ் மாறிப் போயிருப்பான். நாங்க சிரிச்சோமே தவிர, என்ன ஏதுன்னு ஒருத்தனும் கேக்கல" என்றார். அன்றிலிருந்து சம்பள நாள் மாலையில் அண்ணாச்சி தம்பியை அழைத்துக்கொண்டு போய் ஊருக்குப் பணம் அனுப்ப வைக்கிறார். திரும்பும் வழியில் இருவரும் டீ குடிக்கிறார்கள். அவர் செய்வது அவ்வளவுதான். டாக்டர் இதைக் கேட்டு, "இதுவும் வைத்தியம்தான்" என்று சிரித்தார்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நடுவில் இரண்டு தடவை தவறினார். ஆனால் தவறியதை மறுநாளே வந்து சொன்னார். முன்பெல்லாம் மறைப்பதிலேயே பாதி உயிர் போயிற்று என்கிறார்.

கோரமண்டல் புறப்படும்போது

இதை எழுதும் வாரத்தில் தம்பி லீவில் ஊருக்குப் போனார். ஷாலிமார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். பரிசோதனைச் சீட்டுகளைக்கூடப் பையில் எடுத்து வைத்திருந்தார்.

"அவ என்ன சொல்வாளோ தெரியலை அண்ணே" என்றார்.

எனக்கும் தெரியாது. ஹரிதாஸின் மனைவியைப் போல் மன்னிப்பாரா, ‘மன்மத லீலை’ மனைவியைப் போல் கோபித்துக்கொண்டு விலகிப் போவாரா, ‘ரத்தக்கண்ணீர்’ மனைவியைப் போல் வேறு வாழ்க்கை தேடுவாரா என்று நாம் முடிவு கட்ட முடியாது. அந்த முடிவு அந்தப் பெண்ணின் உரிமை. இத்தனை நாள் அவரிடம் கேட்காமலே அவர் வாழ்க்கையைப் பணயம் வைத்தாயிற்று. இப்போதாவது அவர் பேசட்டும்.

வண்டி நகர்ந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை ‘அரங்கேற்றம்’ போடுவோம் தம்பி. எல்லாரும் உக்காந்து பாக்கட்டும்."

போட்டோம். மெஸ்ஸில் பத்துப் பேரும் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. படம் முடிந்து வெகு நேரம் கழித்து, துறைமுகத்தில் வேலை செய்யும் இன்னொருவர் என்னை மெதுவாகத் தனியே கூப்பிட்டு, "அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுல போகணும்?" என்று கேட்டார்.